கடலுக்கு இட்ட வேலி

அட்டை என்றதும் மலைநாட்டு மாணாக்கர் நினைவுக்கு வருவது, மழைநாளில் கொழுந்து பறிப்போர் காலைப் பற்றிக் குருதி உறிஞ்சும் புழுவேயாகும். கடலட்டை அதனின் முற்றும் வேறானது. அது மணலை விழுங்கி, அதிற் கலந்துள்ள மட்கிய பொருளை உணவாகக் கொண்டு, மணலை மீண்டும் வெளிவிடும். கடலடித் தரையை உழும் உழவன் என்று அதனைக் கூறுதல் பொருந்தும்.

நம்மவர் இதனை உண்பதில்லை. அவித்து உலர்த்திச் சீனம் முதலிய நாடுகளுக்கு அனுப்புவர். விலை மிகுந்தமையால் அளவின்றி அள்ளினர், கடலட்டை அருகியது. இந்தியா 2001இல் அதனைப் பிடிப்பதையே தடை செய்தது. ஆயினும், 1988ஆம் ஆண்டிலேயே தூத்துக்குடியில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் இதன் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் தோற்றுவித்திருந்தனர். நீரின் வெப்பத்தைச் சற்றே உயர்த்தினால் தாயட்டைகள் முட்டையிடும். பொரித்த நுண்ணுயிர்களைப் பாசியூட்டி வளர்த்து, பின்னர் ஆழமற்ற கடலில் வலைவேலிக்குள் விடுவர். உரிய பருவம் வந்ததும் எடுத்து விற்பர்.

இத்தொழில் நன்றே. இயற்கையைச் சூறையாடுவதினும் வளர்த்து உண்பது மேலன்றோ? ஆனால், வேலி யாருடையது என்பதே வினா. நம் வடபுலக் கரைகளில் இப்பண்ணைகள் பெருகின. தாம் வழிவழியாகத் தொழில் செய்த கடலை வேலிகள் அடைத்துக்கொண்டன என்று 2022இல் பூநகரியை அடுத்த கிராஞ்சிக் கடற்றொழிலாளர் பல நாள் போராடினர்.

"மலையில் இருப்போர்க்குக் கடலைப் பற்றிய கவலை ஏன்?" என்பார் உளர். வேலியின் வரலாற்றை நம்மினும் நன்கு அறிந்தவர் யாவர்? 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதன்பின் மலைகள் பசுமை பூண்டன. கொழுந்து கடல் கடந்து பொருளீட்டிற்று. மலையைத் திருத்திய நம் முன்னோர்க்கோ நிலமும் இல்லை, லயத்து அறையும் சொந்தமில்லை. 1948இல் குடியுரிமையும் போயிற்று. நிலம் யாருக்கு உரியது என்னும் வினாவை நாம் காலந்தாழ்த்தியே கேட்டோம்.

கடற்கரையார் அதனை இன்றே கேட்கின்றனர். அதனைத் தொழில் வளர்ச்சிக்குத் தடை என்று கூறுதல் முறையன்று. பண்ணையின் எல்லையை அவ்வூர்க் கடற்றொழிலாளர் சங்கமே வகுக்கட்டும். படகுக்கு வழி இருக்கட்டும். பண்ணையில் முதல் உரிமை அக்கரையில் வாழ்வார்க்கே ஆகட்டும்.

பிறர் உண்பதற்காக ஒன்றை வளர்ப்பது இழிவன்று. வளர்த்தவன் வெறுங்கையனாய் நிற்பதே இழிவு.