வராத நூலுக்குக் காத்திருத்தல்

ஆங்கில நாட்டிலே நகைச்சுவையும் மாயக்கதையும் கலந்து எழுதப்பட்ட ஒரு நூல்தொடருக்கு 2015ஆம் ஆண்டில் முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. அதன் ஆசிரியர் சேர் ரெறி பிராட்செற் அவ்வாண்டு மார்ச் 12ஆம் திகதி தமது அறுபத்தாறாவது வயதிற் காலமானார். அவருடைய கடைசி நாவல் ஓகஸ்ட் 27ஆம் திகதி வெளிவந்தது. இனித் தொடர் இல்லை என்று அவருடைய மகளே அறிவித்தும் விட்டார். ஆயினும், இன்னொரு நூல் வராதா என்ற ஏக்கம் அத்தொடரின் இரசிகரை விட்டபாடில்லை. இந்த ஏக்கத்தை யாரேனும் தீர்த்து வைக்கத்தான் வேண்டுமா என்பதே நான் இங்கு எடுத்துக்கொண்ட வினா. மாண்டவரின் நடையில் எழுதித்தரும் இயந்திரங்கள் வந்துவிட்ட இந்நாளில் இது வெறும் இரசிகர் விவகாரமன்று.

தொடரின் பெயர் ‘டிஸ்க்வேர்ல்ட்’. நாம் தட்டுலகம் என்று அழைப்போம். தட்டையான வட்ட உலகம் ஒன்றை நான்கு யானைகள் சுமக்கின்றன. அந்த யானைகளை விண்ணில் நீந்தும் பேராமை ஒன்று சுமக்கின்றது. திக்கு யானைகளையும் கூர்மத்தையும் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த ஏற்பாடு புதுமையாகத் தோன்றாது. முதல் நாவல் 1983இல் வந்தது. கொலின் ஸ்மைத் என்ற சிறு பதிப்பாளர் அப்போது இங்கிலாந்தில் வெளியிட்ட பிரதிகள் 506 மாத்திரமே. முப்பத்திரண்டு ஆண்டுகளில் நாவல்கள் 41 ஆயின. ஆசிரியர் மறைந்த வேளையில், விற்பனையான அவருடைய நூல்கள் எட்டரைக் கோடிக்கு மேலென்று கணக்கிட்டார்கள்.

சாதாரணமாகத் தொடர்கதை வாசகன் எதற்காகக் காத்திருக்கிறான்? கதாநாயகி தப்பினாளா, கொலைகாரன் யார், அடுத்து என்ன நடக்கும் என்பதற்காக. தட்டுலகத்தின் வாசகருக்கு இந்தத் தவிப்புக் குறைவு. பெரும்பாலும் ஒவ்வொரு நூலும் தன்னளவில் நிறைவு பெற்றது. எந்த நூலிலிருந்தும் உள்ளே புகலாம். அவர்கள் எதிர்பார்த்தது வேறொன்று. ‘இம்முறை இவர் எதனைக் கையிலெடுப்பார்?’ என்பதே அவர்களுடைய கேள்வி. 1990இல் சினிமாவை எடுத்தார். 2000இல் பத்திரிகைத் தொழிலை எடுத்தார். மந்திரவாதிகளும் குள்ளரும் நிறைந்த அங்க்-மோர்போர்க் நகரத்திலே அச்சுயந்திரம் வந்து இறங்கினால் உண்மைக்கு என்ன நேரும் என்று காட்டினார். 2004இல் தபாற்கந்தோர், 2009இல் உதைபந்தாட்டம், 2013இல் புகையிரதம். 2007இல் வங்கியையும் காகிதப் பணத்தையும் பற்றி எழுதினார். பணம் என்பது எல்லோரும் சேர்ந்து நம்பும் ஒரு கனவு என்று அந்நூலிற் சிரித்துச் சிரித்துக் காட்டுகிறார். அது வெளிவந்த அதே செப்டெம்பர் மாதத்திலேதான், இங்கிலாந்தின் ‘நோர்தேர்ண் றொக்’ வங்கி வாயிலில் மக்கள் தம் வைப்புப் பணத்தை மீளப்பெற வரிசையில் நின்றார்கள்! அவர் சோதிடம் பார்த்து எழுதவில்லை. தம்மைச் சூழ்ந்த உலகத்தை ஊன்றிப் பார்த்தார், அவ்வளவே.

ஆகவே இந்த நூல்களில் யானையும் ஆமையும் சூனியக்காரியும் வெளித்தோற்றம். உள்ளே இருப்பது நடப்புலகைக் கண்டு கோபப்பட்டுக்கொண்டே சிரிக்கும் ஒரு மனிதனின் பார்வை. இவரைச் சிறுவர்க்குரிய வேடிக்கைக் கதைக்காரர் என்று ஒதுக்கிய விமர்சகர் சிலர் ஆங்கிலத்தில் இருந்தார்கள். அவர்கள் அடிக்குறிப்புகளைப் படிக்காமல் விட்டிருக்க வேண்டும். பிராட்செற் தமது கூர்மையான பகடிகளிற் பலவற்றைப் பக்கத்தின் அடியிலேதான் ஒளித்து வைத்தார்.

2007 டிசெம்பரில், மூளையைத் தாக்கும் அல்சைமர் நோயின் அரிய வகையொன்று தமக்கு உண்டென்று அவரே பகிரங்கமாக அறிவித்தார். பார்வையிற் பட்டதை மனத்திற் சேர்த்து அறியும் ஆற்றலை முதலிற் கெடுப்பது அந்நோய். தட்டெழுத விரல்கள் இணங்காத காலத்தில் வாயாற் சொல்லி எழுதுவித்தார். உதவியாளர் றொப் வில்கின்ஸ் எழுதினார். பேச்சை எழுத்தாக்கும் இயந்திரமும் துணை செய்தது. வாசகரின் எதிர்பார்ப்பு அக்காலத்திலே நிறம் மாறிற்று. அடுத்த நூல் எப்போது என்று கேட்டவர்கள், அடுத்த நூல் உண்டா என்று அஞ்சத் தொடங்கினார்கள். கடைசி நாவலிலே வெதர்வக்ஸ் ஆச்சி என்ற முதிய சூனியக்காரி, தமது வீட்டைத் துப்புரவாக்கி, செய்யவேண்டியவற்றைச் செய்து வைத்துவிட்டு அமைதியாக இறந்துபோகிறார். அந்த அத்தியாயத்தை எழுதியவரின் நிலையை எண்ணாமல் அதனைப் படிக்க என்னால் முடியவில்லை. ஆசிரியருக்கு இன்னும் அவகாசம் இருந்திருந்தால் மேலும் செப்பனிட்டிருப்பார் என்ற கருத்தை வில்கின்ஸ் அந்நூலின் பின்னுரையிலே மறைக்காமற் கூறியிருக்கிறார். நூலிலும் அது தெரிகிறது; சில இடங்களில் எலும்பு உண்டு, தசை இல்லை.

இனி வழக்குக்கு வருவோம். 2012ஆம் ஆண்டு ஒரு பேட்டியிலே, தமக்குப் பின் தட்டுலகம் மகள் றியானாவின் கையிற் பத்திரமாக இருக்கும் என்று பிராட்செற் கூறியிருந்தார். மகளும் எழுத்தாளரே. ஆகவே வாரிசு உண்டு, தந்தையின் அனுமதி உண்டு, கோடிக்கணக்கான வாசகரும் உண்டு. இத்தனையும் இருந்தும், தாம் புதிய தட்டுலக நாவல் எழுதப்போவதில்லை, பிறருக்கும் அனுமதி வழங்கப்போவதில்லை என்று அவர் 2015 யூன் மாதத்தில் அறிவித்தார். அதன் பின், 2017 ஓகஸ்ட் 25ஆம் திகதி, டோசெற் பகுதியில் நடைபெற்ற நீராவி இயந்திரத் திருவிழாவிலே, பிராட்செற்றின் முடிவுறாத எழுத்துகள் அடங்கிய கணினித் தட்டு, பாதை சமைக்கும் பழைய நீராவி உருளையின் கீழ் இடப்பட்டு நசுக்கப்பட்டது. ஆசிரியரின் விருப்பமே அது. பத்து நாவல்கள் வரை அதில் இருந்திருக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். நசுங்கிய துண்டுகள் சோல்ஸ்பரி நூதனசாலையிற் காட்சிக்கு வைக்கப்பட்டன.

இலக்கியம் கற்பிப்போருக்கு இந்தச் செய்தி கசக்கும், எனக்கும் கசந்தது. ஓர் ஆசிரியரின் அடித்தல் திருத்தல்களிலிருந்து மாணவர் கற்பது கொஞ்சமன்று. ஆனால் அந்தக் கசப்பு ஆராய்ச்சியாளனுடையது. வாசகனுக்கு இதில் அநீதி இழைக்கப்பட்டதென்று நான் கருதவில்லை.

நமது மொழியிலேயே ஒப்பிட ஓர் உதாரணம் உண்டு. 1954 டிசெம்பரிற் கல்கி மறைந்தபோது ‘அமரதாரா’ முடிவுறாமல் நின்றது. தந்தையார் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி அதனை எழுதி முடித்தார். அவர் செய்ததும் சரி, றியானா மறுத்ததும் சரி என்பது எனது துணிபு. பாதியில் நிற்கும் கதை வாசகருக்குப் பட்ட கடன். வாரிசு அதனை அடைக்கலாம். தட்டுலகத்திலோ அடைக்க வேண்டிய கடன் எதுவும் இல்லை. நாற்பத்தொரு நூல்களும் முடிந்த நூல்கள். நாற்பத்திரண்டாவதை வாசகர் விரும்பலாம். அதற்கு உரிமை கொண்டாட முடியாது.

வேறு வழியிற் சென்றவரும் உண்டு. டக்ளஸ் அடம்ஸ் 2001இல் இறந்தபின், அவருடைய நகைச்சுவை விண்வெளித் தொடரின் ஆறாம் நூலை, மனைவியாரின் சம்மதத்துடன் ஓவன் கோல்ஃபர் எழுதி 2009இல் வெளியிட்டார். கோல்ஃபர் திறமைசாலி; பல பக்கங்களிற் சிரித்தேன். எனினும், அடம்ஸ் ஏற்கனவே கேலி செய்து முடித்த பொருள்களே மீண்டும் மேடையேறியதைக் கண்டேன். பழைய பாத்திரங்களைப் பிறர் நடத்தலாம். புதிய பொருளொன்றை முதன்முதலாக நோக்கும் கண்ணுக்கு எங்கே போவது?

இயந்திரத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதும் இதுதான். பிராட்செற்றின் நூல்கள் முழுவதையும் விழுங்கிய ஓர் இயந்திரம், அவர் நடையில் அடிக்குறிப்புடன் ஓர் அத்தியாயத்தை நொடிப்பொழுதில் ஈயலாம். அது அவர் எழுதியவற்றின் சராசரியாக இருக்கும். வாசகர் காத்திருந்ததோ, அவர் இன்னும் எழுதாத விடயத்துக்காக. இதே இயந்திரத்தைக் கண்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று அறியவே எனக்கும் ஆசை. தலையினுள் வைத்த சொற்களால் இயங்கும் களிமண் வேலையாட்களைப் பற்றி 1996இலேயே ஒரு நாவல் எழுதியவர் அவர். அந்த வேலையாள் யாருக்குச் சொந்தம், அவனைச் சும்மா உழைக்க விடுவோர் யார் என்றுதான் அதில் விசாரித்தார்.

இரசிகர்கள் ஏங்கிக்கொண்டு மாத்திரம் இருந்துவிடவில்லை. 2004இல் வந்த தபால் நாவலிலே, இறந்துபோன ஓர் இளைஞனின் பெயரைச் சமிக்ஞைக் கோபுரங்கள் ஓயாமல் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொண்டிருக்கும். ஆசிரியர் மறைந்தபின் கணினி அறிந்த வாசகர் பலர் அவ்வாறே அவர் பெயரைத் தம் இணையத்தளங்களின் சமிக்ஞைகளுள் மறைத்து வைத்து ஓடவிட்டார்கள். வேறு சிலர் பழைய பத்திரிகைக் கோப்புகளுள் இறங்கினார்கள். பிராட்செற் இளமையிலே பிராந்தியப் பத்திரிகைகளுக்குத் தாயாரின் குடும்பப் பெயரைச் சூட்டி, ‘பற்றிக் கேர்ண்ஸ்’ என்ற புனைபெயரிற் சிறுகதைகள் எழுதியிருந்தார். எழுதியவரே மறந்துவிட்ட அக்கதைகளை, நூலகத்தில் ஆண்டுக்கணக்கான இதழ்களைப் புரட்டி அவர்கள் கண்டெடுத்தார்கள். நீண்ட கதையொன்று ஒரு வாசகர் பத்திரப்படுத்தி வைத்திருந்த பத்திரிகை நறுக்குகளால் வெளிப்பட்டது. 2023 ஒக்ரோபரில் இருபது கதைகள் நூலாயின. அவை முதிர்ந்த கதைகள் அல்ல. அவசரத்தில் எழுதிய பத்திரிகைக் கதைகள். ஆனால் அவர் கைப்பட எழுதியவை.

கடைசி நாவலை வாங்கி அலுமாரியில் வைத்து, இன்றுவரை பிரித்துப் பார்க்காத வாசகர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அடுத்த நூல் இன்னும் வரவேண்டியே இருக்கின்றது.