தாமதத்தின் விலையையும் கணக்கில் சேர்ப்போம்

அரியலூர் மாவட்டம் ஜெயங்கொண்டத்தில், பழுப்பு நிலக்கரியைக் கொண்டு அனல் மின் நிலையம் அமைப்பதற்காக 1990-களில் 13 கிராமங்களில் எட்டாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் கையகப்படுத்தப்பட்டது. மின் நிலையம் வரவில்லை. இழப்பீட்டு வழக்குகள்தான் ஆண்டுக்கணக்கில் நடந்தன. இறுதியில், திட்டத்தைக் கைவிட்டு நிலத்தை உரியவர்களிடமே திருப்பி அளிக்க அரசு முடிவெடுத்தது. ஒரு யூனிட் மின்சாரமும் தராத அத்திட்டத்துக்கு உழவர்கள் கொடுத்த விலை எந்த மின் கட்டணக் கணக்கிலும் இடம்பெறவில்லை.

அணு மின்சாரமா, சூரிய மின்சாரமா என்ற விவாதம் மீண்டும் சூடுபிடித்திருக்கும் வேளையில் இதை நினைவுகூர்வது பொருத்தமானது. 2047-க்குள் 100 ஜிகாவாட் அணு மின் திறன் என்ற இலக்கை 2025-ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கை அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் நிறைவேறிய சட்டம் இத்துறையைத் தனியாருக்கும் திறந்துவிட்டது. இரு தரப்பினரும் யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று ஓர் எண்ணைச் சொல்லி வாதத்தை முடித்துவிடுகிறார்கள். அந்த ஓர் எண் போதாது என்பதே என் கருத்து.

அணு உலையில் எரிபொருள் செலவு குறைவு. கட்டுமானச் செலவே பெரும்பங்கு. எனவே, பணி தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டும் வட்டி முதலோடு சேர்ந்து வளர்கிறது. கூடங்குளத்துக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது 1988-இல். கட்டுமானம் தொடங்கியது 2002-இல். முதல் உலை வணிகரீதியில் இயங்கத் தொடங்கியது 2014-இன் இறுதியில். இரு உலைகளுக்கும் ரூ.13,171 கோடி என்றிருந்த மதிப்பீடு ரூ.22,462 கோடியாக உயர்ந்தது. கல்பாக்கத்தில் 2004-இல் கட்டத் தொடங்கிய 500 மெகாவாட் அதிவேக ஈனுலையில் உலை மையத்தை நிரப்பும் பணி 2024 மார்ச்சில்தான் தொடங்கியது. அது முன்மாதிரி உலை என்பதால் அதை எல்லா உலைகளுக்கும் அளவுகோலாக்குவது நியாயமன்று. ஆனாலும் காலம் என்பது எவ்வளவு பெரிய செலவு என்பதை அது உணர்த்துகிறது.

மறுபுறம், ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஓராண்டுக்கும் குறைந்த காலத்தில் எழுந்து, 2016-இல் செயல்பாட்டுக்கு வந்தது. ஆனால், அதன் மின்சாரத்தை யூனிட்டுக்கு ரூ.7.01 வீதம் 25 ஆண்டுகளுக்கு வாங்க மின்வாரியம் ஒப்புக்கொண்டிருந்தது. மறு ஆண்டே ராஜஸ்தானின் பட்லாவில் ஏல விலை ரூ.2.44 ஆகச் சரிந்தது. தாமதத்துக்கு ஒரு விலை உண்டென்றால் அவசரத்துக்கும் ஒரு விலை உண்டு.

இன்று பகல்நேரச் சூரிய மின்சாரத்தைவிட மலிவான புதிய மின்சாரம் இல்லை. கூடங்குளத்தின் முதலிரு உலைகளின் மின்சாரமோ ஏறக்குறைய நான்கு ரூபாய். ஆனால் அது இரவும் பகலும் வருகிறது. சூரிய மின்சாரம் மாலையில் ஓய்ந்துவிடுகிறது. ஆகவே சூரிய மின்சாரத்தைச் சேமிப்புச் செலவோடு சேர்த்தே அணு மின்சாரத்துடன் ஒப்பிட வேண்டும். 2024 டிசம்பரில், சேமிப்பு வசதியுடன் கூடிய சூரிய மின்சாரத்துக்கு மத்திய அரசின் சூரிய மின்சக்திக் கழகம் நடத்திய ஏலத்தில் கிடைத்த விலை ரூ.3.52. ஆயினும் அந்தச் சேமிப்பு மாலை உச்ச நேரத்தின் சில மணி நேரத்துக்கே போதும். தொடர் மழைக்காலத்துக்குப் போதாது.

எந்த நேரத்து மின்சாரம், யாருடைய தேவைக்கு என்று கேட்டால் விடை தெளிவாகும். பெரம்பலூரும் அரியலூரும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள். வற்றாத ஆறு இல்லாத பெரம்பலூரில் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் மழையையும் கிணற்றையும் நம்பியவை. பம்பு செட்டுக்கு நள்ளிரவு மின்சாரம் தேவையில்லை; பகலில் நீர் இறைத்தால் போதும். இதற்குச் சேமிப்பும் வேண்டாம். அணு உலைக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். உழவர் நிலத்திலேயே, துணை மின் நிலையத்துக்கு அருகில் சிறு சூரிய மின் நிலையங்களை அமைக்கப் பிரதமரின் குசும் திட்டம் 2019 முதல் வழிசெய்கிறது. இலவச மின்சாரத்துக்காக அரசு ஆண்டுதோறும் ஏற்கும் மானியச் சுமையும் இதனால் குறையும்.

அரியலூரின் சிமென்ட் ஆலைகளின் நிலை வேறு. சூளைகள் இரவு பகலாக எரிபவை. அங்கே காற்றாலை, சேமித்த சூரிய மின்சாரம், அணு மின்சாரம் ஆகிய மூன்றும் போட்டியிட இடமுண்டு. ஆனால் சிமென்ட் உற்பத்தியின் கரிம உமிழ்வில் பாதிக்கும் மேற்பட்டது சுண்ணாம்புக்கல் சிதைவதிலிருந்தே வருகிறது. எந்த மின்சாரம் வந்தாலும் அந்தப் பகுதி மறையாது.

சூரிய மின்சாரம் நிலத்தை விழுங்குகிறது என்ற வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. ஒரு மெகாவாட்டுக்கு ஏறத்தாழ நான்கைந்து ஏக்கர் தேவை. நாள் முழுவதும் இயங்காததால், ஓர் அணு உலைக்கு ஈடான மின்சாரத்துக்குப் பன்மடங்கு திறன் நிறுவ வேண்டும். ஜெயங்கொண்டத்தில் நடந்தது சூரியப் பூங்காவின் பெயரால் மீண்டும் நடந்துவிடக் கூடாது. கையகப்படுத்துவதைவிட, உழவரிடமே உரிமை இருக்கக் குத்தகைக்குப் பெறுவதே முறை.

இயங்கிக்கொண்டிருக்கும் அணு உலைகளை மூடச் சொல்வது பொருளாதார அறிவாகாது. அவற்றுக்கான முதலீடு ஏற்கெனவே செய்யப்பட்டுவிட்டது. புதிய உலைகளுக்கு மட்டும் ஒரு நிபந்தனை தேவை: குறித்த நாளில் மின்சாரம் வராவிட்டால் ஏறும் வட்டியை நுகர்வோரின் கட்டணத்தில் ஏற்றாமல், கட்டுபவரே ஏற்க வேண்டும். அந்த நிபந்தனையையும் ஏற்றுக்கொண்டு ஒரு நிறுவனம் சொல்லும் விலையே அணு மின்சாரத்தின் உண்மையான விலை. அதுவரை, ஓராண்டில் முடிக்கக்கூடிய பணிகளை, பகல்நேரப் பம்பு செட்டுகளிலிருந்து தொடங்குவதற்கு எந்தத் தடையும் இல்லை.