துணை முதல்வருக்கு யோக்யதை எது?

2019 ஆகஸ்டில் கர்நாடக முதல்வர் எடியூரப்பா தமது மந்திரிசபையை அமைத்தபோது, முந்தைய ஆண்டுத் தேர்தலில் அத்தணி தொகுதியில் தோற்றவரும், சட்டசபை, மேலவை ஆகிய இரண்டில் எதிலும் அங்கம் வகிக்காதவருமான லட்சுமண் சவதி, பெங்களூர் ராஜ்பவனில் பிரமாணம் ஏற்று, சில தினங்களுக்குள் மூன்று துணை முதல்வர்களில் ஒருவராகவும் உயர்ந்தார். ஜெயித்து வந்த சொந்தக் கட்சி எம்.எல்.ஏ.க்களே முணுமுணுத்தார்கள்.

சட்டப்படி இதில் தோஷமில்லை. சபை உறுப்பினரல்லாதவரும் ஆறு மாதம் மந்திரியாக இருக்க அரசியல் சாசனத்தின் 164-ஆம் ஷரத்து இடந்தருகிறது. சவதியும் 2020 பிப்ரவரியில் மேலவைக்குத் தேர்வானார். ஆனால் அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் எம்.எல்.ஏ.க்களேயன்றி அத்தணி ஜனங்கள் அல்லர்.

துணை முதல்வர் என்ற ஸ்தானமே சாசனத்தில் இல்லை. ஆகவே அதற்கென்று தனி யோக்யதையும் விதிக்கப்படவில்லை. அமெரிக்காவில் துணை ஜனாதிபதி வேட்பாளரின் பெயர் வாக்குச்சீட்டிலேயே இடம்பெறுவதால், அவரை எடைபோட்டுப் பார்க்கும் அவகாசம் பிரஜைகளுக்குக் கிட்டுகிறது. இங்கோ ஜாதிக் கணக்கும் பிராந்தியக் கணக்கும் கூட்டிக் கழிக்கப்பட்ட பிறகே பெயர் வெளிவருகிறது.

2023-இல் அதே சவதி, காங்கிரஸ் வேட்பாளராக அத்தணியில் வென்றார் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஜனங்கள் தரக்கூடிய அந்த அங்கீகாரம் பதவிக்கு முன்னால் வந்திருக்க வேண்டும் என்பதே நம் அபிப்பிராயம். எனவே, முதல்வருக்கு அடுத்த நாற்காலியில் அமரப்போகிறவர் யார் என்பதைக் கட்சிகள் வாக்குப்பதிவுக்கு முன்பே அறிவிக்கட்டும்.