கார் ஷெட்டில் ஒரு படகு

நம் சங்கக் கூட்டங்களில் 'கட்டுமரம்' என்ற சொல் வராத மேடை அபூர்வம். ஆங்கிலம் நம்மிடமிருந்து கடன் வாங்கிய சொல் என்று பேச்சாளர் முழங்கியதும் கைதட்டல் எழும். நானும் தட்டியிருக்கிறேன். ஆனால் நாற்பது ஆண்டுகளாகத் திருவனந்தபுரத்தில் குடியிருந்தும், வலியதுறைக்கோ பூந்துறைக்கோ போய் அந்த மரங்களை எப்படிக் கட்டுகிறார்கள் என்று ஒருநாள்கூடப் பார்த்தவனில்லை. "தாத்தா, நாம ஒரு சின்னப் படகு செய்யலாமா?" என்று பேரன் கேட்ட பிறகுதான் எனக்கு இந்த வெட்கமே வந்தது.

கார் ஷெட்டில் பன்னிரண்டு அடிப் படகு ஒன்றைத் தொடங்கினோம். செய்தி பரவியதும் அன்பர்கள் பலர் விசாரிக்கிறார்கள். பிளைவுட் என்ன விலை, ரெசின் எங்கே கிடைக்கும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். தரையைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. மூன்று ஷீட் மரைன் பிளைவுட் வீணாயிற்று.

நடந்தது இதுதான். பலகைகளை அறுத்துக் கம்பியால் கட்டி ரெசினும் பூசி முடித்தோம். மறுநாள் பின்னால் நின்று பார்த்தால் முன்பக்கம் இடது பக்கமாகவும் பின்பக்கம் வலது பக்கமாகவும் சாய்ந்திருக்கிறது. துணியைப் பிழிவதுபோல ஒரு முறுக்கு. இறுகிய ரெசினை இனி என்ன செய்வது? முட்டம் பக்கத்து ஆசாரி ஒருவரை அழைத்துக் காட்டினேன். அவர் படகைப் பார்க்கவே இல்லை. ஒரு குவளைத் தண்ணீரைத் தரையில் ஊற்றினார். அது விறுவிறுவென்று கேட்டை நோக்கி ஓடியது. "தரை சரியில்லன்னா வள்ளம் ஒரு பக்கமா இழுக்கும், பாத்துக்கிடுங்க சாரே" என்றார்.

கட்டுமரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. வடிவம் மரத்திலேயே செதுக்கப்பட்டிருக்கும். கடற்கரை மணலில் வைத்துக் கயிற்றை இறுக்கினால் போதும். கரையேறியதும் அவிழ்த்துக் காயப்போடலாம். பிளைவுட் படகின் கதை வேறு. தட்டையான பலகைகளின் ஓரத்தில் துளையிட்டு, செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் கண்ணாடி இழைத்துணியும் ரெசினும் வைத்து ஒட்ட வேண்டும். 1963-ல் இங்கிலாந்தில் 'மிர்ரர்' என்ற சிறு பாய்ப்படகு இந்த முறையில்தான் வந்தது; வீட்டுக் காரேஜில் சாமானியர் கட்டுவதற்கென்றே வந்தது. (கயிற்றால் பலகை தைப்பது நம் கரைகளுக்கு அதைவிட எவ்வளவோ பழையது என்பதை மேடைப் பேச்சாளர்கள் குறித்துக்கொள்ளலாம்.)

பெரிய மரங்கள் கிடைப்பது அரிதாகி விலையும் ஏறியபோது, 1980களின் தொடக்கத்தில் இந்த முறை நம் கரைக்கு வந்தது. முட்டத்தில் பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் கில்லே மீனவர்களோடு சேர்ந்து பாடுபட்டு, அந்தச் சிரமங்களை 1985-ல் ஆங்கிலத்தில் நூலாகவும் எழுதினார். 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த முட்டம் நமக்கு அந்நியமா என்ன? 'சிஃப்ஸ்' எனப்படும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு இத்தகைய படகுகளைக் கட்டித் தந்தது. அதன் அலுவலகம் இருந்ததோ நம் கரமனையில்! கரமனையில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள்! அந்த வாசலை எத்தனை பேர் ஏறிப் பார்த்தோம்?

தரைக்கு வருகிறேன். கார் ஷெட் தரையை மழைநீர் வடிவதற்காகச் சரிவாகத்தான் போடுவார்கள். அது கொத்தனாரின் குற்றமல்ல. தண்ணீர் டியூப் பிடித்துப் பார்த்தபோது பதினாறு அடி நீளத்தில் ஒன்றரை அங்குலச் சரிவு. போதாக்குறைக்கு ஒரு மூலை தனியாக இறங்கியிருந்தது. முழுவதும் ஒரே சரிவாக இருந்தால்கூடச் சமாளிக்கலாம். மூலைக்கு மூலை மாறினால்தான் முறுக்கு. உடைத்துப் புதுத்தளம் போடலாமா என்றேன். "தரைய உடைக்காண்டாம் சாரே, தரைக்கு மேல தரை போடுங்க" என்றார் ஆசாரி. கோணலில்லாத இரண்டு நீளச் சட்டங்களை இணையாகக் கிடத்தி, குறுக்குச் சட்டங்களால் ஏணிபோலப் பூட்டினோம். அடியில் ஆப்பு வைத்து நான்கு மூலையும் ஒரே மட்டத்துக்கு வந்தபின் நடுவில் நூல் பிடித்தோம். மூலைவிட்டம் இரண்டும் சமமாக வரும்வரை தட்டித் தட்டிச் சரிசெய்ததில் நான்கு நாட்கள் போயின. பேரனுக்குப் பொறுமை போயிற்று, எனக்கும்தான்.

ஈரம் இன்னொரு சங்கதி. ஒரு பாலிதீன் தாளைத் தரையில் விரித்து ஓரங்களை டேப்பால் ஒட்டி இரவு முழுக்க விட்டுப் பாருங்கள். காலையில் அடியில் முத்துமுத்தாக நீர் நின்றால் தரை ஈரம் கக்குகிறது என்று பொருள். இடவப்பாதி மழையில் ரெசின் வேலைக்கு இறங்கவே கூடாது; வெளுத்துப் போய் வலுவிழக்கும். மார்கழி, தை மாதங்கள்தான் உத்தமம். அப்போதும் கதவைத் திறந்து வையுங்கள். அந்த நெடி குழந்தைகளுக்கு ஆகாது.

ஃபைபர் படகு ரெடிமேடாகக் கிடைக்கும்போது இதெல்லாம் எதற்கு என்கிறார் ஒரு நண்பர். கிடைக்கிறது, வாங்கலாம். ஆனால் அளவெடுப்பது என்றால் என்ன என்று என் பேரன் படித்தது அந்த நான்கு நாட்களில்தான். நம் சங்க மண்டபத்தில் வருடத்தில் பெரும்பகுதி நாற்காலிகள் அடுக்கிக் கிடக்கின்றன. அதில் ஒரு மூலையை இரண்டு மாதம் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்து, கடற்கரை ஆசாரி ஒருவருக்கு முறையான கூலி கொடுத்து வரவழைத்தால் என்ன? பொன்னாடைச் செலவில் பாதி போதும்.

எங்கள் கார் இப்போது தெருவில் நனைகிறது. அதற்காக வீட்டில் நான் வாங்கும் வசவு தனிக்கதை. செயற்குழு சரி என்றால் தண்ணீர் டியூபும் ஏணிச் சட்டமும் நானே கொண்டுவருகிறேன். ஆனால் மண்டபத் தரையை முதலில் அளந்து பார்க்க வேண்டும். மேடைப்பக்கம் ஒரு மூலை இறங்கியிருப்பதாக எனக்குச் சந்தேகம்.