பாட்டனார் துப்பாக்கி

பழைய கூறைப்புடவை ஒன்று பெட்டியின் அடியில் கிடக்கிறது. அதை என்ன செய்வது என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஜரிகையை உருக்கிக் காசாக்கலாம். பெண்ணுக்குப் பாவாடையாகத் தைக்கலாம். வருஷத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாற்றி வைத்து, அப்படியே காப்பாற்றி வரலாம். மூன்றுக்கும் நியாயம் உண்டு. மாமியார் ஒரு கட்சி, மருமகள் ஒரு கட்சி என்று இரண்டு நாள் பேச்சு நடக்கும். பிறகு ஒருவிதமாக முடிவாகிவிடும்.

பெட்டியில் கிடப்பது புடவையாக இல்லாமல் பட்டாளத்துத் துப்பாக்கியாக இருந்தால்?

"நமக்கு எதற்கு இந்தச் சங்கதி?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். துப்பாக்கியை வாங்கினவர் ஆண்பிள்ளை, சுட்டவரும் ஆண்பிள்ளைதான். ஆனால் அவர் கண்ணை மூடிய பிறகு அது யார் தலையில் விடிகிறது? லைசென்ஸ் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தேடுவதும், போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து கேட்டால் பதில் சொல்வதும் வீட்டு அம்மாள்தானே!

திண்டுக்கல்லுக்கு மேற்கே, பழனி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது கன்னிவாடி. பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது ஒரு சின்ன ஊர். ஒரு காலத்தில் அது திண்டுக்கல் சீமையின் முக்கியமான பாளையங்களில் ஒன்று. 1755-ல் ஹைதர் அலி திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக வந்தது, அந்தச் சீமையின் பாளையக்காரர்களை அடக்கத்தான். அதே சீமையில் உள்ள விருப்பாட்சியில்தான் சிவகங்கை ராணி வேலு நாச்சியார், நாடிழந்து வந்த நாளில், கோபால நாயக்கரின் ஆதரவில் தங்கினார். ஹைதரின் உதவியையும் பெற்று 1780-ல் தம் சீமையை மீட்டார். அந்தக் கோபால நாயக்கரை 1801-ல் கம்பெனியார் தூக்கில் போட்டார்கள். அந்த வருஷம் டிசம்பர் மாதமே சென்னை கவர்னர் பிரகடனம் ஒன்று வெளியிட்டார். பாளையக்காரர்களும் குடிகளும் ஈட்டி, துப்பாக்கி முதலியவற்றை வைத்திருக்கக் கூடாது என்பது அதன் சாராம்சம். ஆக, வீட்டில் ஆயுதம் இருக்கலாமா கூடாதா என்ற கேள்வி அந்தப் பக்கத்து மக்களுக்குப் புதியதல்ல.

பாளையம் ஜமீனாயிற்று. 1948-ம் வருஷத்துச் சட்டத்தால் ஜமீனும் போயிற்று. மலை மட்டும் இருக்கிறது. மேலே ஆடலூர், பன்றிமலை என்று காப்பித் தோட்டங்கள். கீழே வயலும் தோப்பும். யானை இறங்குகிறது, காட்டுப்பன்றி கிழங்கைக் கிளறிப் போடுகிறது. பழைய ஜமீனும், மலைத் தோட்டமும், பட்டாளத்துக்குப் போய் வந்த குடும்பங்களும் சேர்ந்த சீமையில், ஏதோ ஒரு வீட்டுப் பரணில் ஒரு பழைய துப்பாக்கி கிடந்தால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

அப்படி ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பரணிலிருந்து இறங்கியது 1853-ம் வருஷத்து மாடல் என்ஃபீல்டு. நாலரை அடி நீளம், நாலு கிலோவுக்கு மேல் கனம். வாய்ப்பக்கமாக மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்துச் சுட வேண்டும். 1857-ல் தோட்டாக் காகிதத்தில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருக்கிறது என்று வடநாட்டுச் சிப்பாய்கள் கொதித்து எழுந்தார்களே, அந்தத் தோட்டா இந்த ரகத் துப்பாக்கிக்காக வந்ததுதான். பேரப்பிள்ளை பார்க்கிறான். அவனுக்கு ஒரே உற்சாகம். "குழாயைக் கொஞ்சம் குறைத்து, துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதுக் கட்டை போட்டு, விசையை மாற்றினால் ஜம்மென்று ஆகிவிடும் பாட்டி. பன்றியை விரட்டலாம்!" என்கிறான். பாட்டிக்கோ, "அவர் வைத்தது வைத்தபடி இருக்கட்டுமே" என்று ஒரு நினைப்பு.

யார் பக்கம் நியாயம்?

பேரனுக்காகவும் கொஞ்சம் வாதாட வேண்டும். அவனுடைய யோசனை ஒன்றும் பைத்தியக்காரத்தனமல்ல. சர்க்கார்களே செய்த காரியம். இங்கிலாந்துப் பட்டாளத்திடம் இந்த என்ஃபீல்டு லட்சக்கணக்கில் இருந்தது. மற்ற நாடுகளோ பின்பக்கமாகத் தோட்டா போடும் துப்பாக்கிக்கு மாறிக்கொண்டிருந்தன. இருப்பதையெல்லாம் தூக்கி எறிய யாருக்கு மனசு வரும்? ஸ்னைடர் என்ற அமெரிக்கர் ஒரு வழி சொன்னார். குழாயின் பின்பக்கத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு, கீல் வைத்த மூடி ஒன்றைப் பொருத்திவிட்டால் போதும். 1866-லிருந்து இப்படியே மாற்றினார்கள். நிமிஷத்துக்கு மூன்று தடவை சுட்டது பத்துத் தடவை சுட்டது. பழைய வீட்டை இடிக்காமல் பின்கட்டில் புதுச் சமையலறை கட்டிக்கொள்கிற சாமர்த்தியம்தான். பாவம், ஸ்னைடர் அந்த வருஷமே இறந்துபோனார்.

நம் நாட்டிலும் நடந்தது. வங்காளத்தில் ஹூக்ளி நதிக்கரையில் இச்சாப்பூர் என்ற ஊர். அங்குள்ள சர்க்கார் தொழிற்சாலையில் .303 ரைபிளைத் தலைமுறைக்கும் செய்தார்கள். பத்துத் தோட்டா கொள்ளும், நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவான, முரட்டு உழைப்பு உழைக்கும் துப்பாக்கி. 1962-ல் சீனாவோடு யுத்தம் வந்தபோது நம் ஜவான்கள் பனிமலையில் ஏந்தி நின்றது இதைத்தான். பிறகு 7.62 மில்லிமீட்டர் தோட்டா வந்தது. பழைய ரைபிளையே இதற்கு மாற்றலாமே என்று தோன்றும் அல்லவா? இச்சாப்பூர்க்காரர்கள் அப்படிச் செய்யவில்லை. புதுத் தோட்டாவின் வேகத்தையும் அழுத்தத்தையும் பழைய எஃகு தாங்குமா என்ற பயம். உருவத்தைப் பழையபடி வைத்துக்கொண்டு, வலுவான எஃகில் புதிதாகவே வார்த்தார்கள். பேரப்பிள்ளைகள் இந்த இடத்தை இரண்டு தடவை படிக்க வேண்டும். சர்க்கார் தொழிற்சாலையே பழைய இரும்பை நம்பவில்லை! நம் தெருக்கோடிக் கொல்லர் எதை நம்பிக் கை வைப்பார்?

துப்பாக்கியை வைத்துக்கொண்டு வேலை பார்க்க வேண்டியவர்களுக்கு மட்டும் பழசு உதவாது. 2008 நவம்பர் 26-ந் தேதி ராத்திரி பம்பாய் ரெயில் நிலையத்தில் என்ன நடந்தது? பயங்கரவாதிகள் கையில் சரமாரியாகச் சுடும் ஏ.கே. துப்பாக்கி, எதிரே நின்ற காவலர்கள் கையில் ஒவ்வொரு தடவையும் தாழை இழுத்துச் சுடும் பழைய.303, சிலர் கையில் வெறும் லட்டி. அந்தக் காவலர்களுடைய மனைவிமாரிடம் போய் "பழமையைப் போற்றுவோம்" என்று யாராவது சொல்ல முடியுமா? உத்தரப் பிரதேசப் போலீஸார் 2020 குடியரசு தின அணிவகுப்பில் .303-க்கு மரியாதையாக விடை கொடுத்து அனுப்பினார்கள். சரியான காரியம். இன்னும் முன்னாலேயே செய்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் பாட்டி வீட்டுத் துப்பாக்கிக்கு என்ன வேலை பாக்கி இருக்கிறது? 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தோடு வேட்டை என்ற பொழுதுபோக்கு முடிந்துவிட்டது. யானை வந்தால் வனச்சரக ஆபீசுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும், சுட்டால் ஜெயில். பயிர்க் காவலுக்கென்று வாய்வழி மருந்து போடும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருப்பது வாஸ்தவம். லைசென்ஸ் இருக்கிறது என்பதற்காகப் பன்றியைச் சுட்டுவிட முடியாது. மேலும் அந்த லைசென்ஸை முறையாக வாங்கிய பிறகுதான் துப்பாக்கியைப் பற்றிய பேச்சு. பேரனுடைய திட்டத்தில் லைசென்ஸ் என்ற சொல்லே அடிபடவில்லை, கவனித்தீர்களா?

இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் 45-வது பிரிவு என்று ஒன்று உண்டு. வழக்கொழிந்த மாதிரியானதோ, புராதன மதிப்புள்ளதோ, பழுதானதோ, எதுவானாலும் ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத துப்பாக்கியென்றால் இந்தச் சட்டம் அதன் ஜோலிக்கு வராது. அது ஒரு காட்சிப் பொருள். அதே துப்பாக்கிக்குப் புது விசையும் புதுக் குழாயும் போட்டுச் சுட வைத்துவிட்டால்? அது அந்த நிமிஷமே ஆயுதமாகிவிடுகிறது. லைசென்ஸ் இல்லாத ஆயுதம்! அனுமதியில்லாமல் குழாயைக் குட்டையாக்குவதும், ஒரு ரகத்தை இன்னொரு ரகமாக மாற்றுவதும் தனிக் குற்றம். 2019-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு இந்தக் குற்றத்துக்கு ஏழு வருஷத்துக்குக் குறையாத சிறை. ஆயுள் வரைக்கும் போகலாம். ரிப்பேர் செய்து கொடுத்த கொல்லரும் தப்ப முடியாது. பரணில் சாதுவாகத் தூங்கிய பெரியவரைத் தட்டி எழுப்பி, குடும்பத்தோடு கோர்ட்டுக்கு அழைத்துப் போன கதையாகிவிடும்.

"எங்கள் வீட்டுத் துப்பாக்கி சுடவே சுடாது" என்று நீங்களாகத் தீர்மானித்துவிடவும் கூடாது. அது அதிகாரிகள் பார்த்துச் சொல்ல வேண்டியது. லைசென்ஸ் வைத்திருந்தவர் காலமாகிவிட்டால், தாமதிக்காமல் துப்பாக்கியைப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் செய்கிற முதல் வேலை இதுவாக இருக்கட்டும். வாரிசு பேருக்கு லைசென்ஸ் வேண்டுமானால் கலெக்டர் ஆபீசுக்கு மனுப் போடலாம். ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதை 2019-ல் இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். பாட்டனார் சொத்தாக வந்தாலும் இந்தக் கணக்குத்தான். பெட்டியில் கிடப்பது .303 ஆக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். அது பொதுஜனங்களுக்குத் தடை செய்த ரகம்.

சரி, சர்க்கார் சம்மதத்தோடு அது வீட்டிலேயே தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது பாட்டி கட்சிதான் என் கட்சி. பழைய வெண்கல விக்கிரகத்தைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, அதன் முகத்தையே அழித்துவிடுகிறார்களே, பார்த்திருக்கிறீர்களா? துப்பாக்கிக்கு உப்புத்தாளும் அப்படித்தான். அதன் இரும்பில் கிரீட முத்திரை இருக்கும், செய்த வருஷம் இருக்கும், சோதித்தவனுடைய குறி இருக்கும். சில சமயம் எந்தப் பட்டாளம், எத்தனையாவது நம்பர் என்றுகூட இருக்கும். கட்டையில் யாரோ ஒரு சிப்பாய் கத்தியால் கீறிய எழுத்து இருக்கலாம். தேய்த்தால் அவ்வளவும் மாயம். மிஞ்சுவது ஒரு பளபளப்பான இரும்புக் குழாய். காயலான் கடைக்காரர் எடைக்கு எடுப்பார்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு எச்சரிக்கை. வாய்வழித் துப்பாக்கியில் மருந்தும் குண்டும் போட்டபடியே மறந்து வைத்துவிடுவது உண்டு. நூறு வருஷம் கழித்தும் அந்த மருந்து வெடிக்கும். ஆகவே, விவரம் தெரிந்தவர் உள்ளே ஒன்றும் இல்லை என்று பார்த்துச் சொல்லும்வரை விசையைத் தொடாதீர்கள், அடுப்பங்கரைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், குழந்தைகள் கையில் கொடுத்துப் போட்டோ எடுக்காதீர்கள்.

அதற்குப் பிறகு உள்ள வேலை சொற்பம். மெல்லிய பருத்தித் துணியில் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு இரும்பை ஒற்றித் துடைத்தால் போதும். தேங்காயெண்ணெய் வேண்டாம், நாளானால் பிசுக்காகிக் காறிப்போகும். கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் துளி. பட்டாளத்திலும் அதைத்தான் தடவினார்கள். தோல் உறையிலோ சாக்கிலோ கட்டி வைத்தால் ஈரத்தை இழுத்துத் துருப் பிடிக்கும். வெறுங்கையால் தொட்டால் வியர்வை உப்புப் படிந்து, விரல் ரேகை அப்படியே துருவாக நிற்கும். ஆயுத பூஜையன்று சந்தனத்தையும் குங்குமத்தையும் குழைத்து இரும்பின் மேல் அப்ப வேண்டாம். பொட்டை ஒரு காகிதத் துண்டில் வைத்து மேலே சாத்தினாலும் சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

வீட்டில் இடமில்லை, பொறுப்பேற்க ஆளில்லை என்றால் மியூசியத்தைக் கேட்டுப் பார்க்கலாம். சென்னை எழும்பூர் மியூசியத்தில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்கள் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் மியூசியக்காரர்கள் முதலில் கேட்பது, "இது யாருடையது? எப்படி வந்தது?" என்றுதான். அதற்குப் பதில் துப்பாக்கியில் இராது, பாட்டியிடம்தான் இருக்கும். எந்தப் பெரியவர் கொண்டுவந்தார், எந்தப் பட்டாளத்தில் இருந்தார், தோட்டத்தில் யார் கையில் இருந்தது, கடைசியாக எப்போது சுட்டார்கள் என்று அவர் சொல்லச் சொல்லப் பேரனையே உட்கார்ந்து எழுதச் சொல்லுங்கள். மசி வேண்டாம், ஈரம் பட்டால் ஓடிவிடும். பென்சிலால் எழுதி, ஒரு பிரதியை லைசென்ஸ் புத்தகத்தோடு வைத்து, இன்னொன்றைப் பருத்தி நூலில் கோத்து விசைக் காப்பில் தளர்வாகக் கட்டச் சொல்லுங்கள்.