அம்புக்குறியை மனப்பாடம் பண்ணாதீங்கப்பா!

"ஆர்கானிக் கெமிஸ்ட்ரின்னா மனப்பாடம்தான், வேற வழியே இல்லை." இந்த டயலாக்கை யார் சொன்னாலும் எனக்குச் சுர்ருன்னு ஏறும். அதையே பாடம் எடுக்கிறவங்களும் சொன்னா... என்னத்தச் சொல்ல!

கருக்கவர் சேர்ப்பு-நீக்க வினையையே எடுத்துக்குவோம். அமில குளோரைடு, அன்ஹைட்ரைடு, எஸ்டர், அமைடுன்னு நாலு தலைப்பு, பக்கம் பக்கமா சமன்பாடு. எல்லாத்தையும் உருப்போடணுமாம். சாமிகளா, இருக்கிறது ஒரே கதைதான்! கார்பனைலில் ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்குது, கார்பன் பஞ்சத்தில் நிக்குது. எலக்ட்ரான் ஜோடி கைவசம் உள்ள கருக்கவர் பொருள் வந்து அதில் ஒட்டுது. நான்முகி வடிவத்தில் ஒரு இடைநிலைப் பொருள் உருவாகுது. அப்புறம் ஒரே கேள்வி: வெளியே போக யாராச்சும் தயாரா?

குளோரைடு அயனி ரொம்ப வலுவில்லாத காரம், சந்தோஷமா கிளம்பிடும். அமைடில் உள்ள நைட்ரஜனோ தன் எலக்ட்ரான் ஜோடியைப் பகிர்ந்து கார்பனின் பஞ்சத்தையும் குறைக்கும், லேசுல கிளம்பவும் செய்யாது. அதான் மேலே சொன்ன வரிசையிலேயே வினைத்திறன் குறையுது. ஆல்டிஹைடு, கீட்டோனில் போறதுக்குத் தோதான ஆளே இல்லை. அதனால சேர்ப்போட சரி. ரெண்டு பாடம், ஒரே கேள்வியில் முடிஞ்சது! நம்ம புரதங்களைக் கோர்த்திருக்கிறதும் அமைடு பிணைப்புதான். அமில குளோரைடு மாதிரி இருந்திருந்தா குளிக்கிறப்பவே கரைஞ்சு போயிருப்போம் :-)

"அந்த இடைநிலைப் பொருளை யார் பார்த்தா? ஒரே படியில ஒண்ணு வந்து ஒண்ணு போயிருக்கக் கூடாதா?"ன்னு ஒரு பொண்ணு கேட்டா, "சிலபஸ்ல இல்ல, உட்காரு"ம்பாங்க. என் கோபமே இங்கதான்.

அமெரிக்க வேதியியலாளர் மைரன் பெண்டர் 1951ல் இதே கேள்விக்குத்தான் விடை தேடினார். எஸ்டரின் கார்பனைல் ஆக்சிஜன் இடத்தில் ஆக்சிஜன்-18 ஐசோடோப்பை வெச்சு, சாதாரணத் தண்ணியில் நீராற்பகுக்க விட்டார். நாங்க புரோகிராமுக்குள்ள பிரிண்ட் ஸ்டேட்மென்ட் போட்டு பிழை தேடுவோமே, அதே வேலை. பாதியில் நிறுத்தி, மிச்சமிருந்த எஸ்டரைப் பார்த்தா அதில் ஆக்சிஜன்-18 குறைஞ்சிருந்தது. ஒரே படியில் நடந்திருந்தா, வினையே புரியாத எஸ்டரில் அது எப்படிக் குறையும்? தண்ணி வந்து ஒட்டி, ரெண்டு ஆக்சிஜனும் ஒரே கார்பனில் கொஞ்ச நேரம் சேர்ந்து இருந்திருக்கு. திரும்பப் போகும்போது ஆள் மாறிப் போயிருக்கு!

ஆக, அம்புக்குறிங்கிறது ஓவியம் இல்லை, வாதம். அதுக்குச் சாட்சி உண்டு, குறுக்கு விசாரணையும் உண்டு. "பரீட்சைக்கு நேரமில்லை"ன்னு சொல்றவங்களுக்கு: நாற்பது சமன்பாட்டை நெட்டுரு போடுறதை விட இந்த ஒரு கேள்வியைப் புரிய வைக்க நேரம் கம்மிதான் ஆகும். "எப்படித் தெரியும்?"னு கேட்கிற பிள்ளையை உட்கார வெச்சுட்டு, "நம்மூர்ல ஆராய்ச்சியே இல்லை"ன்னு புலம்புறதுல என்ன நியாயம்?

மாற்றுக்கருத்து உள்ளவங்க பின்னூட்டத்துல வாங்க, பேசுவோம்.