விசிறி சுழன்றால் மட்டும் போதுமா?

நிலத்தடிச் சுரங்கங்களிலிருந்து ஆண்டுக்கு 10 கோடி டன் நிலக்கரியை 2030-க்குள் எடுக்க வேண்டும் என்பது மத்திய அரசின் இலக்கு. நாட்டின் நிலக்கரியில் பெரும்பகுதி திறந்தவெளிச் சுரங்கங்களிலிருந்தே கிடைப்பதால், நிலத்தடியின் ஆபத்துகள் அதிகம் பேசப்படுவதில்லை. இலக்கு உயரும்போது அந்த மௌனம் நீடிக்கக் கூடாது.

சுரங்கத்தின் முதன்மை விசிறி, முக்கியப் பாதைகளில்தான் காற்றோட்டத்தை உண்டாக்குகிறது. புதிதாக வெட்டப்படும் பாதையோ ஒரு முனையில் அடைபட்டது. அதனுள் காற்று தானாகச் சென்று திரும்பாது. அங்கே வேலை செய்வோருக்குத் துணை விசிறியும் அதனோடு இணைந்த காற்றுக்குழாயுமே உயிர்நாடி. நிலக்கரியிலிருந்து கசியும் மீத்தேனை அகற்றுவதும் அவைதாம். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால், வெடிப்பதற்கு ஒரு தீப்பொறி போதும்.

ஆனால், விசிறி சுழல்வதாலேயே பாதுகாப்பு உறுதியாகிவிடாது. வந்துசேரும் புதிய காற்றைவிட அதிகமாகத் துணை விசிறி இழுத்தால், மீத்தேன் கலந்த பழைய காற்றையே மீண்டும் உள்ளே அனுப்பும். குழாய் கிழிந்திருந்தால், காற்று தொழிலாளர் நிற்கும் இடத்தை எட்டாது. விசிறி நின்றுபோனால் வாயு தேங்கும். அவசரப்பட்டு மீண்டும் இயக்கினால், தேங்கிய வாயு மொத்தமாக ஆட்களும் மின்கருவிகளும் உள்ள பாதைக்குத் தள்ளப்படும்.

விசிறியே வினையாவதும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஆப்பின் சுரங்கத்தில் 1979 ஜூலை 24 அன்று நிகழ்ந்த வெடிவிபத்தில் 14 பேர் மாண்டனர். துணை விசிறியை இயக்கும் மின்பெட்டியிலிருந்தே தீ பற்றியிருக்கக்கூடும் என்று விசாரணையில் கருதப்பட்டது. காற்றோட்டக் குறைவால் தேங்கிய வாயுவும், பழுதான மின்கருவியும் ஒரே இடத்தில் சந்தித்தால் விளைவு இதுதான்.

நியூசிலாந்தின் பைக் ரிவர் சுரங்கத்தில் 2010 நவம்பர் 19 அன்று 29 பேர் உயிரிழந்தனர். அதற்கு முந்தைய 48 நாள்களில், மீத்தேன் வெடிக்கும் அளவை எட்டியதாக 21 முறை பதிவாகியிருந்தது என்கிறது அரச விசாரணை ஆணையத்தின் அறிக்கை. எச்சரிக்கை இல்லாமல் அல்ல, எச்சரிக்கையை மதிக்காததால்தான் அவர்கள் இறந்தார்கள்.

நமக்கும் இது அயலூர்க் கதையன்று. தன்பாத் மாவட்டத்தின் பாட்டடி சுரங்கத்தில் 2006 செப்டம்பரில் ஏற்பட்ட வெடிவிபத்து 50 உயிர்களைப் பறித்தது. மீத்தேன் எந்த இடத்திலும் 1.25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று நமது விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. விதியில் குறையில்லை, அதை உரிய நேரத்தில் செயல்படுத்தும் துணிவு யாருக்கு உண்டு என்பதே என் கேள்வி.

விசிறி நின்றால் ஆள்கள் வெளியேற வேண்டும். வாயுவை அளந்த பிறகே படிப்படியாகக் காற்றோட்டத்தை மீட்க வேண்டும். அதற்குச் சில மணி நேர உற்பத்தியை இழக்க நேரிடும். அந்த இழப்பு ஒப்பந்தத் தொழிலாளியின் ஊதியத்தில் கை வைக்குமானால், அவர் வெளியேறத் தயங்குவார். எனவே, அந்நேரத்துக்கும் முழு ஊதியம் உறுதி செய்யப்பட வேண்டும். ஒவ்வொரு சுரங்கத்திலும் விசிறி நின்ற நேரமும் வாயு அளவும் உற்பத்திக் கணக்கோடு சேர்த்தே வெளியிடப்பட வேண்டும். எத்தனை டன் எடுத்தோம் என்று சொல்லும் அரசு, எப்படிப்பட்ட காற்றில் எடுத்தோம் என்பதையும் சொல்லட்டும்.